பிள்ளை சொல்லப் பழகும் முன்

செம்பூரிலிருந்து ரயில் ஏறி, வாஷி பாலத்தைத் தாண்டிப் போனால் நெருள் வரும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வந்து குடியேறியிருக்கின்றன. சிட்கோ கட்டிய சிறு வீடுகள் இங்கே நிறைய உண்டு. சிட்கோ என்பது புது நகரம் அமைக்க 1970இல் மகாராஷ்டிர அரசு தொடங்கிய நிறுவனம்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு. ஒரு மூலையில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் மோரி. அதை ஒட்டிச் சின்னதாகக் கழிப்பறை. அப்பா வாஷி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். அம்மா காலையில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். அப்பாவைப் பெற்ற பாட்டி தாராவியிலிருந்து வந்து பேரனைப் பார்த்துக்கொள்கிறார். பேரனுக்கு இரண்டரை வயது. வீட்டில் எல்லோரும் அவனைத் தம்பி என்றே கூப்பிடுகிறார்கள்.

பொங்கல் கழிந்தது. ஜூன் மாதம் தம்பியைப் பால்வாடியில் சேர்க்க வேண்டும். ஆனால் அவன் இன்னும் ஜட்டியிலேயே போகிறான்.

"அத்தை, இவன் சொல்லிட்டுப் போக மாட்டேங்கிறானே. பால்வாடியில சேர்த்துக்க மாட்டாங்களே" என்று அம்மா கவலைப்பட்டார்.

"இவன் அப்பன் ஒரு வயசுலேயே சொல்லிட்டான்" என்றார் பாட்டி.

எல்லா வீட்டிலும் பாட்டிகள் இப்படித்தான் சொல்வார்கள். முப்பது வருடம் போன பிறகு மாதக் கணக்கு யாருக்கு நினைவிருக்கும்? ஆனாலும் பாட்டி சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. பாட்டி தரையில் கால் நீட்டி உட்காருவார். இரண்டு பாதங்களையும் சற்று விலக்கி வைப்பார். அவற்றின் மேல் குழந்தையைக் குந்த வைத்து, "இஸ்ஸ்" என்று ஒலி எழுப்புவார். குழந்தை போய்விடும். நம் ஊர்களில் காலம் காலமாக நடப்பதுதான் இது. இதில் பழகுவது பெரும்பாலும் குழந்தை அல்ல, பெரியவர். பால் குடித்த எத்தனை நேரத்தில் போகும், முகம் எப்படிச் சுளிக்கும் என்று பாட்டிக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து உட்கார வைக்கிறார். இது நல்ல பழக்கமே. துணி மிச்சம், பிள்ளைக்கும் புண் வராது. ஆனால் பிள்ளை தானே உணர்ந்து, அடக்கி, சொல்லி, போய் உட்காருவது வேறு. அதற்கு உடம்பு வளர வேண்டும்.

உடம்பு எப்போது வளரும்?

கைக்குழந்தைக்கு மூத்திரப்பை நிறைந்ததும் தானாக இறங்கிவிடும். அடக்க வேண்டும் என்ற எண்ணமே அதற்கு இல்லை. வளர வளர, பை நிறைந்த செய்தி மூளைக்குத் தெரிகிறது. வாயிலை இறுக்கிப் பிடிக்கும் தசையும் சொன்னபடி கேட்கத் தொடங்குகிறது. பல பிள்ளைகளுக்கு இது ஒன்றரை வயதுக்கு மேல் மெல்ல வரும். சிலருக்கு இரண்டு வயதில், சிலருக்கு மூன்று வயதில் கைகூடும். பல வீடுகளில் பெண் பிள்ளைகள் சற்று முந்திக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 1,170 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார். 1962இல் அதை எழுதி வெளியிட்டார். ஒன்றரை வயதில் மெல்லத் தொடங்கி, பிள்ளையின் போக்கில் விட்டுப் பழக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் பகலில் நனைக்காமல் இருக்கச் சராசரியாக இரண்டு வயதும் நாலு மாதமும் தாண்டியிருந்தது. சராசரி என்றால் சிலர் முந்தி, சிலர் பிந்தி. தம்பி ஒன்றும் பிந்திப் போய்விடவில்லை.

தயாராகிவிட்டான் என்று எப்படித் தெரியும்? வயதை எண்ணுவதைவிடப் பிள்ளையைப் பார்ப்பது நல்லது. இரண்டு மணி நேரம் ஜட்டி நனையாமல் இருக்கிறதா? தானாகக் குந்தி எழுகிறானா? "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருகிறானா? போவதற்கு முன் கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிறானா? நனைந்த ஜட்டியை இழுத்து இழுத்துக் காட்டுகிறானா? கதவுக்குப் பின்னால் ஒதுங்கும் பிள்ளையைப் பார்த்துப் பலர் சிரிப்பார்கள். ஆனால் "எனக்கு வருது, தெரியுது" என்று அவன் சொல்லும் முதல் மொழி அதுதான்.

அவசரப்பட்டதால் வந்த வினை

தம்பி வீட்டில் இதையெல்லாம் பார்க்கவில்லை. ஜூன் மாதத்தை மட்டும் பார்த்தார்கள். கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சட்டி வந்தது. மறுநாளே தம்பியை அதில் உட்கார வைத்தார்கள். அரை மணி நேரம் எழுந்திருக்க விடவில்லை. அவன் போகவில்லை. எழுந்து வந்து பாயில் போனான். அப்பாவுக்குக் கோபம் வந்து முதுகில் ஒரு அடி வைத்தார்.

அதற்குப் பிறகு தம்பி சட்டியைக் கண்டாலே ஓடினான். பீரோவுக்குப் பின்னால் நின்று கால்களைப் பின்னிக்கொண்டான். முகம் சிவந்தது. முக்குகிறான் என்று நினைத்தார்கள். அவன் முக்கவில்லை, அடக்கினான். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. நாலாம் நாள் கல்லாக இறுகி வந்தது. பிள்ளை அலறினான். மலத்தின் மேல் கோடு போல ரத்தம் இருந்தது.

"வெத்தலைக் காம்புல எண்ணெய் தொட்டு வைப்போம்" என்றார் பாட்டி. அம்மா கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டரம்மா பார்த்தார். "பயப்படாதீங்க. ஆசனவாயில சின்னக் கீறல். ஆறிடும்" என்றார். பிறகு விளக்கினார். அடி வாங்கியதால் பிள்ளை பயந்தான். பயந்ததால் அடக்கினான். அடக்கினால் குடல் மலத்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். மலம் இறுகும். இறுகினால் வலிக்கும். வலித்தால் இன்னும் அடக்குவான். இந்தச் சுற்று நீண்டால் குடலே தளர்ந்துவிடும். அப்போது இறுகிய மலத்தின் ஓரமாக நீர்த்த மலம் கசிந்து ஜட்டியில் படும். வீட்டில் பேதி என்று நினைத்துப் பேதி மருந்து கொடுப்பார்கள். உண்மையில் அது மலச்சிக்கல்.

மலத்தை இளக்க மருந்து எழுதிக் கொடுத்தார். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்றார். தண்ணீர், கீரை, பருப்பு, பப்பாளி, வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார். தம்பி நாளுக்கு ஒரு லிட்டர் பால் குடிக்கிறான் என்று தெரிந்ததும் முகம் சுளித்தார். பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறும் காயும் இறங்காது. அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்றார்.

"சட்டியை எடுத்து உள்ளே வைங்க. ஒரு மாசம் அந்தப் பேச்சே வேண்டாம்" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அடித்தால் பழகுவான் என்றுதான் அவரும் கேட்டு வளர்ந்திருந்தார்.

மலத்தில் ரத்தம் நிற்காமல் வந்தாலும், வயிறு வீங்கி வாந்தி எடுத்தாலும், நன்றாகச் சொல்லிப் போன பிள்ளை திடீரென நனைக்கத் தொடங்கினாலும், மூத்திரம் போகும்போது அழுதாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வீடு தயாராகிறது

அந்த ஒரு மாதத்தில் தம்பிக்கு வலி போனது. பெரியவர்கள் தங்களைத் தயார் செய்துகொண்டார்கள்.

முதலில் இடம். பெரியவர்கள் போகும் கழிப்பறையைப் பிள்ளையின் கண்ணால் பார்க்க வேண்டும். கால் வைக்கும் இடம் அகலம். நடுவில் குழி. விழுந்துவிடுவோமோ என்று பயம். உள்ளே இருட்டு. வாளித் தண்ணீரைக் கொட்டினால் தடால் என்று சத்தம். அதனால் சட்டியை மோரியின் ஓரத்தில் வைத்தார்கள். பிள்ளையின் பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். அதுதான் முக்கியம். கால் தொங்கினால் முக்க வராது. சட்டி வாங்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. மும்பையில் பல வீடுகளில் பழைய பேப்பரை விரித்துக் குந்த வைக்கிறார்கள். அதுவும் போதும். ஆனால் மலத்தைக் கழிப்பறையில் உதறிவிட்டுப் பேப்பரைக் குப்பையில் போட வேண்டும். பேப்பரை உள்ளே போட்டால் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது உடுப்பு. நாடா வைத்த கால்சட்டையை இரண்டரை வயதுப் பிள்ளை எப்படி அவிழ்ப்பான்? அவசரத்தில் பெரியவர்களுக்கே முடிச்சு இறுகிக்கொள்ளும். எலாஸ்டிக் வைத்த பருத்தி ஜட்டி ஆறேழு இருந்தால் போதும்.

காலமும் பார்க்க வேண்டும். ஜூன் இரண்டாம் வாரம் மும்பையில் மழை பிடித்துக்கொள்ளும். துவைத்த ஜட்டி இரண்டு நாள் ஆனாலும் காயாது. மே மாதம் பாதிப் பேர் ஊருக்கு ரயில் ஏறுவார்கள். ரயிலிலும் ஊர் வீட்டிலும் புதுப் பழக்கம் ஒட்டாது. மாசியும் பங்குனியும் நல்லது. வெயில் உண்டு, தரை சீக்கிரம் காயும். வீட்டில் புதுக் குழந்தை பிறந்திருந்தால், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், வீடு மாறினால், தள்ளிப் போடலாம். அதனால் ஒன்றும் கெட்டுப் போகாது.

நேரம் என்றால் காலைச் சாப்பாடு முடிந்த பிறகு. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையும். பலருக்கு அப்போதுதான் வரும். ஐந்து நிமிடம் உட்காரட்டும். கதை சொல்லலாம். வராவிட்டால், "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று எழுப்பிவிட வேண்டும். போய்விட்டால் பாராட்டலாம். அதற்காக வீதி முழுக்கக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம்.

இப்போது தம்பி வீட்டில் வந்த ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அம்மா "கக்கா" என்பார். பாட்டி "ஆயி" என்பார். அப்பா "ரெண்டுக்கு" என்பார். பிள்ளை எதைப் பிடித்துக்கொள்வான்? எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்வது என்று முடிவு செய்தார்கள். தம்பிக்குப் பிடித்தது "ஆயி". அதையே வைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா மராட்டிக்காரர். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். மராத்தியில் "ஆயீ" என்றால் அம்மா. தம்பி பால்வாடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஆயி, ஆயி" என்று அழுதால் டீச்சர் என்ன நினைப்பார்? அம்மாவைத் தேடுகிறான் என்று நினைப்பார். மடியில் வைத்துத் தட்டிக்கொடுப்பார். பிள்ளை மடியிலேயே போய்விடுவான். மராட்டிப் பிள்ளைகள் இதற்கு "ஷீ" என்பார்கள். மூத்திரத்துக்கு "சூ" என்பார்கள். வேறு மொழி பேசும் ஊரில் வாழ்பவர்கள் இதையும் யோசித்து வைக்கத்தான் வேண்டும்.

அது எங்கே போகிறது?

சட்டியில் போனதைப் பாட்டி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நாலாவில் கொட்டப் போனார்.

"அத்தை, கக்கூஸ்ல கொட்டுங்க."

"பச்சைப் பிள்ளை ஆயிதானேம்மா. அதுல என்ன இருக்கு?"

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இது தவறு. சிறு பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்று நோய் வரும். அதனால் அவர்கள் மலத்தில் பெரியவர்கள் மலத்தைவிட அதிகக் கிருமி இருக்கலாம். நாலாவில் கொட்டியது மழையில் பொங்கி வாசலுக்கே வரும். அங்கேதான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். குடற்புழுவின் முட்டை மண்ணில் பல மாதம் சாகாமல் கிடக்கும். நகத்தில் ஏறி வாய்க்குப் போகும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள். நாடு முழுதும் இதற்கென்று ஒரு நாள் வைத்துக் கொடுப்பது 2015இல் தொடங்கியது. மாத்திரை புழுவைக் கொல்லும். ஆனால் முற்றத்தில் மலம் கிடந்தால் புழு திரும்ப வரும்.

ஆகவே பிள்ளையின் மலம் கழிப்பறைக்குள் போக வேண்டும். சட்டி கழுவிய தண்ணீரும் அங்கேயே போக வேண்டும். மோரியில் பாத்திரம் தேய்க்கிறோம். அங்கே சட்டியைக் கழுவக் கூடாது. கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். பிள்ளையின் கையையும் தேய்க்க வேண்டும். சட்டியில் உட்காரப் பழகும் முதல் நாளிலேயே கை கழுவவும் பழகினால், இரண்டும் ஒரே வேலை என்று பிள்ளை நினைத்துக்கொள்வான். பேதி கண்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரு பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். டாக்டர் சொல்லும் அளவில் துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போதும் மழைக்காலத்திலும் தம்பிக்கு டயப்பர் கட்டுவார்கள். அதை எறிவதிலும் இதே பேச்சுதான். உள்ளே இருப்பதைக் கழிப்பறையில் உதறிவிட்டு, பேப்பரில் சுற்றி, தனியாக வைத்துக் குப்பை எடுப்பவரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவரும் கையால்தான் பிரிக்கிறார்.

வீட்டில் கழிப்பறை இல்லாவிட்டால்?

பாட்டிக்குக் கொஞ்சம் வருத்தம். "தாராவியில எங்களுக்கு ஏதும்மா கக்கூஸ்? வரிசையில நின்னுதான் போவோம். பிள்ளைய வாசல்ல நாலா ஓரமா உட்கார வைப்போம்" என்றார்.

அவர் சொன்னது சரி. தாராவியின் சந்துகளில் பல வீடுகளுக்குச் சொந்தக் கழிப்பறை கிடையாது. பொதுக் கழிப்பறையில் காலையில் நீண்ட வரிசை. பெரியவர்களே தவிக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையை இடித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். உள்ளே போனாலும் குழி பெரிது. வழுக்கும். பிள்ளை எப்படிப் பழகும்? இது தாயின் குற்றம் அல்ல.

இதைக் கண்டு சிலர் வேலை செய்தார்கள். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை வழிநடத்தியவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். மும்பை ஜனதா காலனியில் குடிசையில் வாழ்ந்தவர். அந்தக் காலனி 1976இல் இடிக்கப்பட்டது. மக்கள் சீட்டா கேம்புக்கு அனுப்பப்பட்டார்கள். 2000ஆம் ஆண்டு ஜாக்கினுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2018இல் அவர் காலமானார். அவருடைய கூட்டமைப்பு, 1984இல் தொடங்கிய ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனம், மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறைகள் கட்டின. எப்படிக் கட்டுவது என்று பெண்களைக் கேட்டார்கள். பிள்ளைகளுக்குத் தனி இடம் வேண்டும் என்பது அதில் வந்த யோசனை. குழி சிறியது. பிடித்துக்கொள்ளக் கம்பி. பெரியவர் வரிசையில் நிற்க வேண்டாம். புணே மாநகராட்சி 1999இல் பெரிய அளவில் கழிப்பறைகள் கட்டத் தொடங்கியபோதும் இந்த அமைப்புகள் பங்கேற்றன. அங்கும் பிள்ளைகளுக்கான இடங்கள் வந்தன.

திருச்சியிலும் இது நடந்தது. கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் அங்கே குடிசைப் பகுதிகளில் குழந்தைகளுக்கென்றே கழிப்பறைகள் அமைத்தது. ஆழமில்லாத சின்னக் குழிகள், சுவரில் படங்கள். பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே போவார்கள். இருட்டு அறையைவிட அது அவர்களுக்குப் பிடித்தது.

ஒரு பொதுக் கழிப்பறையில் பிள்ளைகளுக்கு நாலு சின்னக் குழி வைக்க அதிக இடமோ பணமோ தேவையில்லை. வார்டில் புதுக் கழிப்பறை கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், திட்டம் போடும்போதே போய்க் கேட்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் இடம் இருக்காது. அதுவரை வீட்டில் சட்டி அல்லது பேப்பர், பிறகு பொதுக் கழிப்பறையில் கொட்டுவது. பெரியவர் போகும்போது டப்பாவில் எடுத்துப் போகலாம்.

தம்பி சொன்னான்

மாசி பிறந்தது. சட்டி மறுபடி வெளியே வந்தது. முதல் வாரம் தம்பி அதில் பொம்மைக் காரை நிறுத்தினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஜட்டியோடு உட்கார்ந்தான். ஒரு நாள் காலை இட்லி தின்றுவிட்டுப் பாட்டியின் சேலையை இழுத்தான். "ஆயி" என்றான். பாட்டி ஓடினார். பாதி ஜட்டியில், பாதி சட்டியில். அது போதும் என்றார் அப்பா.

அதன் பிறகும் பல நாள் தரை நனைந்தது. விளையாட்டு மும்முரத்தில் மறந்துவிடுவான். அம்மா துடைத்துவிட்டு, "அடுத்த தடவை சொல்லு" என்பார். அவ்வளவுதான். பங்குனி முடிவதற்குள் பகலில் பெரும்பாலும் சொல்லிவிட்டான்.

ஜூன் மாதம் பால்வாடி திறந்தது. அம்மா ஒரு தாளில் எழுதினார். பக்கத்து வீட்டு அக்கா அதையே கீழே மராத்தியில் எழுதிக் கொடுத்தார்.

"டீச்சருக்கு வணக்கம். என் பையன் ஆயி என்று சொன்னால் ஷீ வருகிறது என்று அர்த்தம். என்னைக் கூப்பிடுகிறான் என்று நினைக்க வேண்டாம். உடனே அழைத்துப் போகவும். இருட்டு என்றால் பயப்படுவான். கதவைத் திறந்து வைக்கவும். கை கழுவத் தெரியும். மாற்று ஜட்டி இரண்டு பையில் இருக்கிறது."

இரவில் தம்பி இன்னும் பாயை நனைக்கிறான். பாய்க்கு மேல் ரப்பர் ஷீட்டும் பழைய சேலையும் விரித்திருக்கிறார்கள். தூங்கும்போது அடக்கும் பழக்கம் பகல் பழக்கத்துக்குப் பின்னால்தான் வரும். ஐந்து வயது வரை நனைத்தாலும் அது நோய் அல்ல. படுக்கும் முன் ஒரு தடவை மூத்திரம் போக வைத்துவிட்டு, விளக்கை அணைக்கிறார் பாட்டி.